ஸ்டாண்டர்ட் ஹெரால்டைக் கழற்றி மாட்ட: மதுரைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் பழைய காரின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மேல் வேறொரு பாடியைப் பொருத்தி, வீட்டுக் கொட்டகையிலேயே கார் கட்டிக்கொள்ளும் பழக்கம் பல காலமாக இருக்கிறது. கிட் கார் என்பார்கள். ஸ்பார்ட்டன், ஜென்ட்ரி போன்ற கிட் கார்களை ட்ரையம்ஃப் ஹெரால்ட் வகையறா சேஸியின் மேல்தான் கட்டினார்கள். அதே ஹெரால்டை 1961-இலிருந்து சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்து விற்றது. நம் தாத்தாமார் "ஸ்டாண்டர்ட் வண்டி" என்று சொன்னது இதைத்தான். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று பொறுமையாக விசாரித்தால், எங்காவது ஒரு கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் ஹெரால்டு இன்றும் கண்ணில் படலாம்.

பழைய கார் வேலை கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் இந்த வண்டியைச் சொல்ல ஒரே காரணம், இதில் சேஸி தனி, பாடி தனி. 1950-களின் கடைசியில் இதை வடிவமைத்தபோது, பாடி அடித்துத் தந்த கம்பெனி போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டிருந்தது. முழுப் பாடியை ஒரே கூடாகச் செய்துதர ஆள் இல்லாததால், பகுதி பகுதியாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தார்கள். ஆகவே வெல்டிங் தெரியாத ஒருவர்கூட ஸ்பேனரைக் கொண்டே இந்தக் காரைப் பிரித்து, மறுபடி சேர்த்துவிட முடியும். பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம்.

வேலையில் ஒரு வரிசை இருக்கிறது: காகிதம், சேஸி, சக்கரமும் ஸ்டீயரிங்கும், பிரேக், எஞ்சின், வயரிங், கடைசியில் பெயின்ட். இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பெயின்ட்டில் தொடங்கிய வண்டிகள் ஊரில் நிறைய. கல்யாணப் புகைப்படத்துக்கு நிற்கும். பிரேக்கை மிதித்தால் நிற்காது.

முதலில் ஆர்.சி. புத்தகம்

நம் நாட்டில் வெறும் சேஸியை எடுத்து நம் விருப்பப்படி ஒரு காரைக் கட்டிப் பதிவு செய்வது தனி ஆளுக்கு ஏறக்குறைய நடக்காத காரியம். புது வண்டி என்றால் மாதிரிச் சோதனை நடந்து சான்று வாங்க வேண்டும்; அது கம்பெனிகளுக்கான வழி. பதிவான வண்டியை மாற்றுவதற்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. தயாரித்தவர் குறித்த விவரத்திலிருந்து விலகும் மாற்றம் கூடாது என்பதை 2019-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதனால் ஹெரால்டை ஹெரால்டாகவே மீட்பதுதான் நமக்குள்ள நேர்வழி. கழற்றி மாட்டும் சந்தோஷம் அதில் கொஞ்சமும் குறையாது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது பணத்துக்கு முன்னால் ஒரு டார்ச்சும் ஒரு பென்சிலும் எடுத்துப் போங்கள். சேஸி எண் தகட்டையும், எஞ்சின் பிளாக்கில் அடித்த எண்ணையும் துடைத்துப் பார்த்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தகடு இல்லை, எண் தெரியவில்லை, "ஆர்.சி. அப்புறம் தேடித் தர்றேன்" என்றால் கும்பிட்டு விட்டு வந்துவிடலாம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது உதிரிபாகத்துக்கு மட்டுமே ஆகும் வண்டி.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு ஆர்.டி.ஓ. எல்லையிலிருந்து வருகிறது என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. மதுரைக்குள் தெற்கு டி.என். 58, வடக்கு 59, மத்தி 64 என்று மூன்று அலுவலகம். உங்கள் முகவரி எதில் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 வருடத்துக்கு. அதன்பின் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிகள் எல்லாம் 50 வயதைக் கடந்தவை என்பதால் 2021-இல் வந்த விண்டேஜ் பதிவுக்கும் தகுதி உண்டு. 'வி.ஏ.' என்ற எழுத்துள்ள எண், 10 வருடப் பதிவு, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் என்பது அறிவிப்பில் உள்ளது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பழுதுபார்க்கக் கொண்டுபோவது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அழகர்கோவில் போக ஆசை இருக்கிறவர்கள் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே நல்லது.

கழற்றுவது

கையிலிருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் செட்டை ஓரமாக வையுங்கள். ஹெரால்டில் இருப்பது அங்குல போல்ட். 7/16, 1/2, 9/16 அங்குலத்தில் ரிங் ஸ்பேனரும் பாக்ஸும் வாங்கினால் வண்டியில் பெரும்பகுதி கழன்றுவிடும். 1/2 அங்குலத் தலையில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறத்தான் செய்யும். துருப்பிடித்த போல்ட்டாக இருந்தால் தலையை உருட்டிவிடும். கழற்றும்போது உடைந்த போல்ட்டுக்குப் பதிலாக மில்லிமீட்டர் போல்ட்டை இறுக்கித் திணிக்காதீர்கள். அங்குல மரை வேண்டும் என்று பழைய போல்ட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் ஹார்டுவேர் கடைக்காரர் எடுத்துத் தருவார்.

ஒவ்வொரு பகுதியைக் கழற்றுமுன் போனில் நாலு பக்கமும் படம். போல்ட்டுகளைப் பகுதிவாரியாகத் தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே பேர் எழுதி ஒட்டுங்கள். பாடிக்கும் சேஸிக்கும் நடுவே தகட்டுத் துண்டுகளைப் பேக்கிங்காகக் கொடுத்திருப்பார்கள். எந்த இடத்தில் எத்தனை துண்டு என்று எழுதாமல் ஒன்றையும் எடுக்காதீர்கள். கதவு ஒழுங்காகச் சாத்துவதும் சாத்தாததும் அந்தத் துண்டுகளில்தான் இருக்கிறது. பாடியைத் தூக்குவதற்கு முன்னால் கதவு இடைவெளிகளுக்குக் குறுக்கே கம்பி வைத்து வெல்டிங்கில் பற்ற வைத்துவிட்டால் பாடி முறுக்காது. எஞ்சினைத் தூக்க வாடகைக்குச் செயின் பிளாக் எடுங்கள். ஓட்டு வீட்டு உத்திரத்தை நம்பித் தொங்கவிட வேண்டாம். வண்டிக்கு அடியில் போகிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

சேஸி

சேஸியில் துரு ஏறும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள், டிக்கியைத் தாங்கும் துண்டுகள், பின் ஹவுசிங் உட்காரும் இடத்துக்கு அருகே மெயின் சட்டம். சுத்தியலின் பின்முனையால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துருப்பிடித்தது மந்தமாகக் கேட்கும். ஓட்டை கண்ட இடத்தில் தகட்டை மேலே ஒட்டவைக்கும் டிங்கர் வேண்டாம். கெட்டதை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகட்டைப் பெட்டியாக மடித்துப் பற்ற வைக்கிறவரைத் தேடுங்கள். கே.புதூர் தொழிற்பேட்டையிலோ கப்பலூரிலோ தகடு மடிக்கும் மெஷின் உள்ள பட்டறைகளில் அளவு கொடுத்தால் மடித்துத் தருவார்கள்.

சேஸி நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டே போதும். சமதளத் தரையில் ஸ்டாண்டு மேல் சேஸியை வைத்து, இரு பக்கமும் ஒரே மாதிரி உள்ள நான்கு துளைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பில் அளந்தால் சமமாக வர வேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் எப்போதோ அடிபட்ட வண்டி. நிமிர்த்தாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

முன்சக்கரம்: இதைக் கட்டாயம் படியுங்கள்

ஹெரால்டில் ஆளைக் கவிழ்க்கக்கூடிய பாகம் ஒன்று உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் கீழ்முனையில் மரை வெட்டி, அதைப் பித்தளை நிறத்துக் கட்டை ஒன்றில் திருகியிருப்பார்கள். ட்ரன்னியன் என்று பேர். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. வண்டியின் எடையும் அதன் மேலேதான். இதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. இ.பி. 90 கியர் ஆயில்தான் கொடுக்க வேண்டும். கிரீஸ் கெட்டியாக உறைந்து மரைக்குள் இறங்காமல் நின்றுவிடும். உள்ளே தண்ணீர் புகுந்து இரும்பு அரித்து, ஒருநாள் திருப்பத்தில் முனை முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும்.

எந்த மெக்கானிக்கும் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார். அது அவர் தப்பில்லை, மற்ற வண்டிக்கெல்லாம் அதுதான் முறை. அதனால் முன்சக்கர வேலையின்போது பக்கத்தில் நின்று, "அண்ணே, இதுக்கு ஆயில்தான்" என்று சொல்லிவிடுங்கள். கிரீஸ் கன் ஒன்றைத் தனியாக வாங்கி, அதில் கியர் ஆயிலை மட்டுமே ஊற்றி, மேலே பெயின்டால் எழுதி வைப்பது இன்னும் நல்லது. புதிதாக வாங்கிய வண்டியில் இரண்டு பக்கமும் கழற்றிப் பாருங்கள். மரையில் குழி குழியாக அரிப்பு இருந்தாலோ, கட்டை லொடலொடவென்று ஆடினாலோ செங்குத்து இரும்பையும் கட்டையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் வலது மரை, மறு பக்கம் இடது மரை. மாற்றிப் போட முடியாது. திரும்ப மாட்டும்போது கட்டையை அடிவரை திருகிவிட்டு, ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி நிறுத்துங்கள். அப்போதுதான் ஸ்டீயரிங் இரு பக்கமும் முழுதாகத் திரும்பும்.

சக்கர இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள் எல்லாவற்றையும் இதோடு மாற்றிவிடலாம். மதுரையில் ரப்பர் பாகம் வார்க்கும் சிறு பட்டறைகள் பல உண்டு. பழைய புஷ் ஒன்று முழுதாக இருந்தால் போதும், அதே அளவில் வார்த்துத் தருவார்கள். மற்றப் பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை. இங்கிலாந்தில் ஹெரால்ட் பாகங்களை இன்னும் செய்கிறார்கள் என்பதால், ட்ரன்னியன் மாதிரி உயிர் சம்பந்தப்பட்ட பாகத்தை அங்கிருந்து வரவழைப்பது வீண்செலவாகாது.

பின்சக்கரம்

பின்பக்கம் ஒரே ஸ்பிரிங் பட்டைக்கட்டு குறுக்காகக் கிடக்கும். ஆக்சில் நடு ஹவுசிங்கிலிருந்து இறக்கை போல மேலும் கீழும் ஆடும். திருப்பத்தில் வேகமாக நுழைந்துவிட்டு நடுவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக் போட்டாலோ வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும், வால் வீசும். கொடைக்கானல், சிறுமலை மலைப்பாதையில் போகிறவர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். நம்மூர்க்காரர்களுக்கு இந்த அமைப்பு பிடிக்காமல் போனதால்தான் 1972-இல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் ஆக்சிலை ஒரே துண்டாக மாற்றினார்கள். பட்டை தளர்ந்து சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருந்தால் பட்டைக்காரரிடம் கொடுத்து வளைவு ஏற்றி வாங்குங்கள். பின் ஹப்பைச் சுத்தியலால் அடித்துக் கழற்றவே கூடாது. புல்லர் உள்ள லேத்துக்குக் கொண்டுபோங்கள்.

பிரேக்

நாலும் டிரம். ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதனால் இதில் பழையது எதையும் மிச்சம் வைக்காதீர்கள். ஹோஸ், பைப், வீல் சிலிண்டர் கப், ஷூ அனைத்தும் புதிது. சிலிண்டருக்குள் கோடு விழுந்திருந்தால் லேத்தில் ஸ்லீவ் போட்டுக்கொள்ளலாம். பிரேக் லைனில் ஏர் எடுக்கும்போது மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கி அருகே வாருங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கைப்பிரேக் தனிக் கேபிளில் வேலை செய்வதால் அதையும் பாதியில் விட்டுவிடாதீர்கள். கால்பிரேக் போனால் மிச்சம் இருப்பது அது மட்டுமே.

எஞ்சின்

948 சி.சி., நாலு சிலிண்டர், 63 மில்லிமீட்டர் போர், 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். எளிமையான எஞ்சின். மதுரையில் சிலிண்டர் போர் அடிக்கிற, கிராங்க் கிரைண்டிங் செய்கிற கைகளுக்குப் பஞ்சமில்லை. 1912-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்ட காலத்திலிருந்தே எஞ்சின் வேலை தெரிந்த ஊர் இது.

பிரிக்குமுன் ஒரு சோதனை. ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் நகர்ந்தால் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. விட்டுவைத்தால் வாஷர் அடியிலுள்ள ஆயில் சம்பில் விழுந்து, கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். இருக்க வேண்டிய ஆட்டம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். இந்த எஞ்சினின் பிறவிக் குறை இது. சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்காமல் நியூட்ரலில் போடுவது இதற்கு நல்லது.

ஹெட் லேத்துக்குப் போகும்போது எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடின சீட் போடச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-இல் நின்றுவிட்டது. அந்த ஈயம்தான் பழைய மென்மையான சீட்டுகளைக் காத்துவந்தது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் ஹோஸைத் தின்றுவிடும், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தை ஊறவைக்கும், ஈரத்தை இழுத்து டேங்கைத் துருவாக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸும் டயாஃப்ரமும் போடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் டேங்கை வடித்துவிடுங்கள்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். மதுரை உப்புத்தண்ணீர் ஒரு கோடைக்குள் குழாய்களில் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டும். சித்திரை வெயிலில் வண்டி சூடாகிறதென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற வழக்கம் இருக்கிறது. காரணம் பெரும்பாலும் அடைத்த ரேடியேட்டராகவோ, தளர்ந்த பெல்ட்டாகவோ, தப்பான டைமிங்காகவோ இருக்கும். அதைச் சரி பாருங்கள்.

சேர்த்தபின் இடைவெளி அளவுகள்: டாப்பெட் (வால்வு இடைவெளி) எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.25 மில்லிமீட்டர், இக்னிஷன் பாயின்ட் 0.4, பிளக் 0.6. ஃபயரிங் வரிசை 1-3-4-2. டாப்பெட் வைக்க ஒரு சுலபக் கணக்கு: 8-ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஆவதை வையுங்கள், 6 திறந்தால் 3, 4 திறந்தால் 5. கூட்டினால் எப்போதும் 9 வர வேண்டும்.

வயரிங்

அரைகுறையாக ஒட்டுப் போடுவதைவிட முழுதாகப் புதிது இழுப்பது நல்லது. பழைய நிற வரிசையையே பின்பற்றுங்கள்: பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். நாளைக்கு வேறு எலக்ட்ரீஷியன் வந்தாலும் புரியும். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி ஃபியூஸ் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியோடு இணைத்திருப்பார்கள். பார்க்காமல் இப்போதைய பழக்கத்தில் மாட்டினால், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட்டிருக்கும் வண்டியில் அதன் டயோடுகள் எரிந்துவிடலாம்.

பாடியும் பெயின்ட்டும்

பாடியைச் சேஸியில் உட்காரவைத்து, பேக்கிங் துண்டுகளைப் பழைய எண்ணிக்கையில் கொடுத்து, கதவுகள் நன்றாகச் சாத்துகிறதா என்று பார்த்தபின்தான் பெயின்ட். கதவு சரியாக வராதபோது பட்டி பூசி இடைவெளியை அடைக்கிறவர்கள் உண்டு, அதை அனுமதிக்காதீர்கள். உலோகம் தெரியும்வரை சுரண்டி, அன்றைக்கே எபாக்சி பிரைமர். பட்டி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு காலம் நிற்கும். தை, மாசியில் பெயின்ட் வேலையை வையுங்கள். ஆடிக் காற்றில் தூசி ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் உள்ளே சிக்கிப் பின்னால் கொப்புளம் கிளம்பும். ஆர்.சி.யில் உள்ள நிறத்திலிருந்து மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதையும் பதிய வேண்டும்.

எதை மாற்றலாம்

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், சீட் பெல்ட், பிரகாசமான பிரேக் விளக்கு, பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், 13 அங்குல ரேடியல் டயர் ஆகியவற்றை மனசாரச் சொல்வேன். டயர் அகலமாகிவிட்டால் திருப்பும்போது உரசும். மாருதி ஈக்கோவுக்கு வரும் 155 அளவுக்கு மேல் போகாதீர்கள், அதையும் மாட்டி முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சீட் பெல்ட்டைத் தகட்டில் ஓட்டை போட்டு மாட்டினால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். அடியில் கனமான தகடு வைத்து இறுக்குங்கள்.

மாருதி எஞ்சினைத் தூக்கி வைக்கும் யோசனை எல்லாருக்கும் வரும். ஆர்.சி. சிக்கல் ஒரு பக்கம். கூடுதல் சக்தியை அந்தப் பின் ஆக்சிலும் டிரம் பிரேக்கும் தாங்காது என்பது மறுபக்கம். வேண்டாம்.

ஓட்டத் தொடங்கியபின்

எஞ்சின் வேலை முடிந்த புதிதில் ரிங் ரோட்டில் மிதமான வேகத்தில் ஓட்டி, 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டையும் டாப்பெட்டையும் மறுபடி பாருங்கள். அதன்பின் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 20டபிள்யூ-50 ஆயில், பாயின்ட், பிளக். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ட்ரன்னியனுக்கு கியர் ஆயில், மழைக்காலம் முடிந்ததும் கட்டாயம் ஒருமுறை. வாரத்தில் ஒருநாளாவது எஞ்சின் முழுதாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் சைலன்சருக்குள் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம். பாடி போல்ட்டுகள் வருடத்துக்கு ஒருமுறை இறுக்கப்பட வேண்டும், நம் ரோடுகளில் தளரத்தான் செய்யும்.

டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு ஃபேன் பெல்ட், பாயின்ட்டும் கண்டென்சரும், ரோட்டர், ஒரு பிளக், ரேடியேட்டர் ஹோஸ், அங்குல ஸ்பேனர்கள், ரெண்டு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், ஃபியூஸ் டப்பா, ஒரிஜினல் ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும்.